பயணத்தில் தங்கும் இடத்தை விசாரித்துத் தேர்ந்தெடுப்பது விசுவாசக் குறைவா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியவர் 27 வயதுப் பெண். தென்மாவட்டத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். நிதி நிறுவனம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் வெளியூர்க் கிளைகளுக்குப் போய் மூன்று நான்கு நாட்கள் தங்கவேண்டும். தங்கும் செலவுக்கு நிறுவனம் ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடும். இடத்தை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். "லாட்ஜ் வேண்டாம், நம்ம சபை ஆட்கள் வீட்டில் தங்கு" என்பது அம்மாவின் கண்டிப்பு. இதுவரை அப்படித்தான் தங்கியிருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஊரில், ஜெபக்குழு நடத்தும் ஒருவரின் வீட்டில் தங்க ஏற்பாடு. இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அவருடைய மனைவி மகளின் பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போயிருப்பது தெரிந்தது. கொடுத்த அறையின் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பதினொன்றரை மணிக்கு அவர் பால் எடுத்துவந்து கதவைத் தட்டியிருக்கிறார். "படுக்குமுன் ஜெபிப்போம்" என்று தலையில் கைவைத்தவர், ஜெபம் முடிந்தும் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மணிக்கு மறுபடியும் தட்டியிருக்கிறார். இவர் பெட்டியைக் கதவில் சாய்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்தே இரவைக் கழித்துவிட்டு, நாலரை மணிக்கு ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

மறுநாளே அந்த மனிதர் ஊருக்கு போன் செய்து, "சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள், இதுதான் வளர்ப்பா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர், "91-ஆம் சங்கீதத்தைச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தால் பயமே வந்திருக்காது, இது விசுவாசக் குறைவு" என்கிறார். அண்ணன் வேலையை விடச் சொல்கிறார். அதன்பின் லாட்ஜில் தங்க முயன்றபோது, "தனியாக வரும் லேடீஸுக்கு ரூம் கிடையாது" என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அவர் தப்பாக எதுவும் செய்துவிடவில்லையே, நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனோ? தங்கும் இடத்தை இப்படிச் சந்தேகப்பட்டு விசாரிப்பது தேவனை நம்பாததற்குச் சமமா? இனி பெரிய ஹோட்டலில் மட்டும்தான் தங்கப்போகிறேன், அதுவே போதும்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மற்ற எதைப் பேசுவதற்கும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை விட்டு நீங்கள் கிளம்பியது சரி. சொல்லாமல் கிளம்பியதும் சரி. நள்ளிரவு ஒரு மணிக்கு இரண்டாவது தடவை கதவைத் தட்டுகிறவரிடம் விடிகாலையில் நின்று விடைபெற்றுக்கொண்டு வர வேண்டும் என்று எந்த மரியாதையும் கேட்காது.

"அவர் தப்பாக எதுவும் செய்துவிடவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசையாகப் பாருங்கள். மனைவி ஊரில் இல்லை என்பதை உங்களிடமோ அம்மாவிடமோ அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அறையை ஒரு இளம்பெண்ணுக்குக் கொடுத்தார். படுத்துவிட்ட பெண்ணின் அறைக்கு வந்தார். ஜெபம் முடிந்த பிறகும் கை தோளிலேயே இருந்தது. அப்புறம் ஒரு மணிக்கு மறுபடி வந்தார். இதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்தால் அசட்டை என்று விட்டுவிடலாம். ஐந்தும் ஒரே இரவில் நடந்திருக்கிறது. உங்கள் மனது அதைக் கூட்டிப் பார்த்திருக்கிறது, சரியாகவே கூட்டியிருக்கிறது. நீங்கள் கேட்டுப் பயந்தது உண்மையான ஆபத்தின் சத்தம்.

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். போத்திபாரின் வீட்டில் எஜமானனின் மனைவியால் ஆபத்து வந்தபோது அவன் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போனான் (ஆதியாகமம் 39:12). ஓடியதால் அவன்மேல் பழியும் விழுந்தது. அந்த வஸ்திரமே அவனுக்கு எதிரான சாட்சியானது. ஆனாலும் அவன் ஓடியது தவறு என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. உங்கள் விஷயத்திலும் முதலில் போன் செய்து கதையைச் சொல்லி வைத்துக்கொண்டவர் அவர்தான். முந்திக்கொண்டு பேசியவர் என்பதற்காக அவர் சொன்னது உண்மையாகிவிடாது.

91-ஆம் சங்கீதம்

தேவன் ஆபத்திலிருந்து காப்பார் என்று பாடும் அந்தச் சங்கீதத்தை நான் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவள். இரவுப் பயணங்களில் இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். அதனால்தான் அது இப்படிப் பயன்படுத்தப்படுவதைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

சுவிசேஷத்தில் இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுவது யார் தெரியுமா? சோதனைக்காரன். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, "தாழக்குதியும்" என்கிறான். தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று 91-ஆம் சங்கீதத்தைச் சொல்கிறான் (மத்தேயு 4:6). சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருப்பதை மத்தேயுவில் அவன் விட்டுவிடுகிறான். இயேசு அந்த வாக்குத்தத்தம் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இன்னொரு வசனத்தால் பதில் சொல்கிறார். பாதுகாப்பு வாக்குத்தத்தம் இருக்கிறது என்பதற்காக ஆபத்துக்குள் வேண்டுமென்றே இறங்குவதை அவர் விசுவாசம் என்று ஏற்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அறையில் படுத்துக்கொண்டு அந்தச் சங்கீதத்தைச் சொன்னால் போதும் என்று உங்களிடம் சொல்லும் அக்காவுக்கு நல்லெண்ணம் இருக்கலாம். அந்த ஆலோசனை நல்லதல்ல.

நீதிமொழிகள் 22:3 நேராகவே சொல்கிறது: "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகள் நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்." ஏறக்குறைய இதே வசனம் 27:12-இல் இரண்டாம் முறையும் வருகிறது.

பவுலின் கதை இன்னும் தெளிவு. எருசலேமில் அவர் காவலில் இருக்கும்போது ஒரு இரவில் கர்த்தர் அவரருகே நின்று, "நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்கவேண்டும்" என்கிறார். அதாவது எருசலேமில் சாகமாட்டாய் என்பதற்கு இதைவிட நிச்சயமான வாக்கு வேண்டுமா? விடிந்ததும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அவரைக் கொல்லச் சபதம் செய்கிறார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேள்விப்பட்டு வந்து சொல்கிறான். "கர்த்தர் வாக்குக் கொடுத்துவிட்டார், பயப்படாதே தம்பி" என்று பவுல் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. நேராகச் சேனாபதியிடம் அனுப்புகிறார். அன்றிரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு பவுல் எருசலேமை விட்டுப் போகிறார் (அப்போஸ்தலர் 23). வாக்குத்தத்தமும் இருந்தது, காவலும் இருந்தது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

எஸ்றா வேறு மாதிரி முடிவெடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பாதியை மறைத்தவள் ஆவேன். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்டபோது, ராஜாவிடம் குதிரைவீரரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம் இருந்து கிளம்பினார். உங்கள் ஜெபக்கூட்டத்தில் யாராவது இதைக் காட்டலாம். அதே ராஜாவின் காலத்தில் நெகேமியா குதிரைவீரர் துணையோடு போனார். வேதம் இருவரையும் குறை சொல்லவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: எஸ்றா தன்னுடைய கூட்டத்தைக் கூட்டி, எல்லோரோடும் சேர்ந்து உபவாசித்துத்தான் அந்த முடிவை எடுத்தார். இன்னொருவருடைய பாதுகாப்பைத் தூரத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு அவர் தீர்மானிக்கவில்லை. அதோடு, கொண்டுபோன வெள்ளியையும் பொன்னையும் கிளம்பும்போதே நிறுத்துக் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்தார். விசுவாசத்தில் கிளம்பியவரும் கணக்கைச் சரிபார்த்தார். தணிக்கை வேலை செய்யும் உங்களுக்கு இது பிடிக்கும்.

"நம்ம ஜனங்கள்" என்ற நம்பிக்கை

உங்கள் அம்மாவின் கண்டிப்பில் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: நம் சபை ஆள் என்றால் பத்திரம், வெளி ஆள் என்றால் ஆபத்து. நம்மில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. இதைப் பற்றி வேதத்தில் பயங்கரமான ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். நியாயாதிபதிகள் 19.

எப்பிராயீம் மலைநாட்டு லேவியன் ஒருவன், பெத்லகேமுக்குப் போய்விட்ட தன் மறுமனையாட்டியை (இரண்டாம் நிலை மனைவியை) திரும்ப அழைத்துவரப் போகிறான். மாமனார் நல்லவிதமாகத்தான் உபசரிக்கிறார். "கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்", "இன்றைக்கும் தங்குங்கள்" என்று நாளைக் கடத்துகிறார். நம் வீடுகளில் நடப்பதேதான். ஐந்தாம் நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் அவர்களால் புறப்பட முடிகிறது. எபூஸ், அதாவது எருசலேம், பக்கத்தில் வரும்போது வேலைக்காரன், "இந்த ஊரிலேயே ராத்தங்கலாம்" என்கிறான். லேவியன் மறுக்கிறான். அது அந்நியர்கள் ஊர். நம் ஜனங்கள் இருக்கும் கிபியாவுக்குப் போவோம் என்கிறான். கிபியா பென்யமீன் கோத்திரத்தாருடையது. போய்ச் சேரும்போது சூரியன் அஸ்தமித்துவிட்டது. வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஒருவரும் வீட்டுக்கு அழைக்கவில்லை. கடைசியில் அழைத்தவர், அந்த ஊருக்குப் பிழைக்க வந்திருந்த ஒரு முதியவர். அவர் வீட்டுக் கதவைத்தான் அந்த ஊர் ஆண்கள் சூழ்ந்துகொண்டு தட்டினார்கள். லேவியன் தன் மறுமனையாட்டியை அவர்களிடம் வெளியே விட்டான். விடியும்போது அவள் வாசற்படியில் கைவைத்தபடி விழுந்துகிடந்தாள்.

எபூசில் தங்கியிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த லேவியன் இடத்தைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் எது என்பதுதான் கேள்வி. நம் இனம், நம் தேவனை வணங்குகிறவர்கள். அவ்வளவுதான் அவன் பார்த்தது. நேரத்தைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் தெரிந்தவர் யார் என்று பார்க்கவில்லை. தன்னோடு இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசித்ததாகவும் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்த முதியவரும் விருந்தாளியான ஆணைக் காப்பாற்றத் தன் சொந்த மகளையே வெளியே அனுப்பத் துணிந்தார். உபசரிப்பு என்ற பெயரில் பெண்கள் பலியாவதை அந்த அத்தியாயம் மூடி மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

பவுல் தன் பயணங்களில் சந்தித்த மோசங்களைப் பட்டியலிடும்போது ஆறுகள், கள்ளர், சமுத்திரம் என்று சொல்லிக்கொண்டே போய், "கள்ளச்சகோதரரிடத்தில் உண்டான மோசங்களிலும்" என்று முடிக்கிறார் (2 கொரிந்தியர் 11:26). சகோதரன் என்று சொல்லிக்கொள்கிறவனால் வரும் ஆபத்தும் பயண ஆபத்துகளில் ஒன்று என்பது அவருடைய அனுபவம்.

அப்படியானால் விசுவாசிகளின் வீட்டில் தங்கவே கூடாதா? அப்படியும் இல்லை. லீதியாளின் வீட்டில் பவுல் தங்கினார். இன்றைக்கும் எத்தனையோ நல்ல வீடுகளில் அம்மாமார்கள் தங்கள் கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். நீங்களே அப்படிப்பட்ட வீடுகளில் தங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இயேசு தம் சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது, "அங்கே பாத்திரமானவன் யாரென்று விசாரித்து, நீங்கள் புறப்படுமளவும் அவனிடத்தில் தங்கியிருங்கள்" என்றார் (மத்தேயு 10:11). விசாரித்துவிட்டுத் தங்குங்கள் என்பது அவருடைய கட்டளை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. சில வசனங்கள் தள்ளி, "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய்" இருக்கச் சொன்னதும் அதே பயணத்துக்குத்தான்.

வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. புதுவீடு கட்டினால் மாடியிலிருந்து யாரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22:8. உன் வீட்டுக்குள் வருகிறவரின் பாதுகாப்புக்கு நீதான் பொறுப்பு என்பது நியாயப்பிரமாணம். தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் அறையைக் கொடுத்தவர் உங்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறார்.

அவர் விஷயத்தில் உங்கள் முன் உள்ள வழிகள்

முதல் வேலை, நடந்ததை எழுதி வைப்பது. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், கை எங்கே இருந்தது, நீங்கள் யாருக்காவது அனுப்பிய செய்தி, ஆட்டோவுக்கு ஜிபே செய்திருந்தால் அந்த நேரம். புகார் கொடுக்கப்போகிறீர்களோ இல்லையோ, இது உங்கள் கையில் இருக்கட்டும். நாளாக ஆக நினைவு மங்கும். மற்றவர்கள் சொல்வது அதில் கலந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, விரும்பாத தொடுதலோடு கூடிய பாலியல் சீண்டலுக்கு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவுகள் உண்டு. சம்பவம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்யவேண்டும். ஆனால் ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி நீங்கள் ஒருவர்தான். அவர் ஜெபத்துக்காகத்தான் வந்தேன் என்பார். வழக்கு இழுக்கும், சபை இரண்டாகும். புகார் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இன்னொரு வழி சபை. அவர் பெண் பிள்ளைகளைத் தொடர்ந்து வீட்டில் தங்கவைக்கிற நிலையில் இருக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. ஆயரிடம் தனியாகப் போகாதீர்கள். உங்களை நம்பும் மூத்த பெண் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, எழுதியதையும் எடுத்துக்கொண்டு போங்கள். "இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் பிராது ஏற்கக்கூடாது" என்று 1 தீமோத்தேயு 5:19-ஐக் காட்டி உங்கள் வாயை அடைக்கப் பார்க்கலாம். தீர்ப்புச் சொல்லத்தான் சாட்சிகள் வேண்டும். "இனி அந்த வீட்டில் தனியாக எந்தப் பெண்ணையும் தங்கவைக்க வேண்டாம்" என்று முடிவெடுக்க ஒரு பெண்ணின் வார்த்தை போதும். அடுத்த வசனமோ, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டில் எதையும் செய்ய இப்போது தெம்பில்லை என்றால், அதுவும் குற்றமில்லை. எழுதி வைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த பயணத்துக்கு

"பெரிய ஹோட்டல் என்றால் பயமில்லை" என்ற முடிவில்தான் உங்களோடு நான் மாறுபடுகிறேன். "சபை ஆள் வீடு" என்ற முத்திரையை எடுத்துவிட்டு "பெரிய ஹோட்டல்" என்ற முத்திரையை ஒட்டிவிட்டீர்கள். இரண்டிலும் நீங்கள் பெயரைத்தான் பார்க்கிறீர்கள். பார்க்கவேண்டியது கதவை, நேரத்தை, ஆட்களை.

முதலில் நேரம். இருட்டிய பிறகு தெரியாத இடத்துக்குப் போய்ச் சேரும்படி பயணத்தை அமைக்காதீர்கள். அந்த இரவில் ஒன்பது மணிக்குப் போனதால்தான் உங்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. மாலை நான்கு மணி என்றால் வாசலிலேயே திரும்பியிருப்பீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு இறங்கும் பேருந்து என்றால், உடனே ஆட்டோ ஏறாமல், ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில் விடியும்வரை உட்காருங்கள். ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய நிலையங்களில் ஓய்வறை உண்டு; பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் பல நகரங்களில் இருக்கின்றன; சில நாட்கள் மட்டும் தங்கவும் இடம் தருகிறார்கள். மாதாமாதம் போகிற ஊராக இருந்தால் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தங்குவதாக இருந்தால், அந்த வீட்டு அம்மாவிடம் நீங்களே நேரடியாகப் பேசுங்கள். "நான் வருகிற அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்களா ஆண்ட்டி? எனக்குத் தனி அறையா, தாழ்ப்பாள் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்ல மனுஷி சந்தோஷமாகப் பதில் சொல்வார். இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற வீட்டுக்குப் போகவேண்டாம்.

லாட்ஜுக்கு முன்னாலேயே போன் செய்யுங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது அந்தந்த லாட்ஜ் வைத்துக்கொண்ட பழக்கம். ஆனால் இரவில் வரவேற்பு மேசையில் நின்று அதைப் பற்றி வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம். அதனால் பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். இரவு முழுக்க வரவேற்பில் ஆள் உண்டா, பெண் ஊழியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுக்கலாம். ஆதார்தான் கேட்கிறார்கள் என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்கத் தயங்காதீர்கள்.

அறைக்குள் போனதும் பையை வைப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு, உள்ளிருந்து இழுத்துப் பாருங்கள். குளியலறை வென்டிலேட்டர், பக்கத்து அறைக்குத் திறக்கும் கதவு, பால்கனி, மாடிப்படி எந்தப் பக்கம் என்பதெல்லாம் இரண்டு நிமிட வேலை. ஒன்று சரியில்லை என்றாலும் அறையை மாற்றச் சொல்லுங்கள், மாற்றாவிட்டால் கிளம்பிவிடுங்கள். கட்டின பணம் போனால் போகட்டும்.

அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான 181, ரயிலில் 139 ஆகிய எண்களை போனில் பதிந்து வையுங்கள்.

அப்புறம் உங்கள் நிறுவனம். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கக்கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகும் இடங்களும் பணியிடம் என்ற வரையறைக்குள் வருகின்றன. பாதுகாப்பான சூழலை ஏற்படுத்துவது முதலாளியின் கடமை. "வெளியூர்ப் பணிக்குச் செல்லும் பெண் ஊழியர்களுக்குச் சரிபார்த்த விடுதிகளை நிறுவனமே பதிவு செய்து தரவேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்ற பெண்களும் சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது. அந்த இரவைப் பற்றி அதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. வேலையை விடச் சொல்லும் அண்ணனுக்கும் இதுதான் பதில். விடவேண்டியது அந்த ஏற்பாட்டை. வேலை இருக்கட்டும்.

அம்மாவிடம்

முழுக்கதையையும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தீர்கள். "பயமாக இருந்தது, வந்துவிட்டேன்" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். தோளில் இருந்த கையைப் பற்றித் தெரியாமல்தான் அவர் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். சொல்லுங்கள். ஒரு மாலை, அண்ணன் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். முதலில் அவர் நம்ப மறுக்கலாம், உங்களைத் திட்டவும் செய்யலாம். தானே அனுப்பிவைத்த வீடு என்ற குற்றவுணர்ச்சி சில தாய்மார்களுக்குக் கோபமாகத்தான் வெளிவரும். இரண்டொரு நாள் பொறுங்கள்.

"லாட்ஜில் தங்குகிற பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்" என்ற அவருடைய பயத்தைக் கேலி செய்யாதீர்கள். கணவர் இல்லாமல் மகளை வளர்த்தவருக்கு ஊர்வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். அவருக்குப் பிடித்த 121-ஆம் சங்கீதத்தையே எடுத்துச் சேர்ந்து வாசியுங்கள். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்" காப்பார் என்று முடியும் அந்தப் பாட்டு, எருசலேமுக்கு யாத்திரை போனவர்களோடு சேர்த்து நினைக்கப்படும் ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. அந்த யாத்திரைக்காரர்கள் கூட்டமாகத்தான் போனார்கள். பன்னிரண்டு வயது இயேசுவை யோசேப்பும் மரியாளும் பிரயாணக்காரரின் கூட்டத்தில்தான் தேடினார்கள். வழிக்காக ஜெபித்தவர்கள் வழித்துணையையும் தேடிக்கொண்டார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: நீங்கள் அறைக்குப் போனதும் வீடியோ காலில் கதவையும் தாழ்ப்பாளையும் அவருக்குக் காட்டுவது, காலையில் கிளம்பும்போது இன்னொரு போன். பயந்துகொண்டு காத்திருப்பதைவிட இது அவருக்கு நிம்மதி தரும்.

அந்த இரவுக்குப் பிறகு வீட்டிலும் விளக்கை அணைக்காமல் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததற்குப் பிறகு இது இயல்புதான். ஆனால் மாதங்கள் ஆகியும் குறையவில்லை என்பதால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அடுத்த பயணத் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அழையுங்கள்.